ரேஷன் கடைப் பலகை

கணவன் செம்மலின் உடலை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியதும் பரிமளா வாளியை எடுத்து வாசலைக் கழுவத் தொடங்கினாள். கொரோனா இல்லை, நெஞ்சுவலிதான் என்று விடிந்ததிலிருந்து சொல்லியும் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. கணவனின் அக்கா சொர்ணவல்லி மட்டும் கூட இருந்தாள்.

"ரேஷன் கடைச் சாவி கேட்டு ஆளு வந்துச்சு பரிமளா. தம்பிக்குப் பதிலா வேற சேல்ஸ்மேன் போட்டிருக்காகளாம். சனம் அரிசிக்கு நிக்குதாம்."

"நானே குடுத்துட்டு வாரேன் அண்ணி."

"இன்னைக்கு நீ வெளிய போகலாமா?"

"பாக்குறதுக்கு யாரு இருக்கா?"

சொர்ணவல்லி சாவியை எடுத்துக் கொடுத்தாள். "அப்படியே அந்தப் பலகையையும் தொடைச்சிட்டு வந்துரு. ஊரே எழவு வீடா கெடக்கு. எந்தம்பி கடைசியா கேலிப்படம் வரைஞ்சுக்கிட்டிருந்தான்னு பேரு வேணாம்."

பரிமளாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். இருப்புப் பலகையில் அரிசி, சீனி, பருப்பு அளவுக்குக் கீழே சாக்பீஸால் ஒரு படம் போடாமல் செம்மல் கடை திறந்ததில்லை. சுடுகாடுகளில் பிணங்கள் வரிசையாகக் காத்துக் கிடப்பதை டிவியில் காட்டிய அன்று அவள் கத்தினாள். "ஒங்களுக்கு மட்டும் எப்படிங்க சிரிப்பு வருது?" அவன் மறுநாளும் வரைந்தான். அதிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. நேற்றும் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கடை வாசலில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் ஆட்கள் நின்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுத் துணியை நனைத்தாள். பலகையில், முள் முளைத்த கொரோனா ஒன்று ஸ்மார்ட் கார்டோடு வரிசையில் நின்றது. தொந்தியும் மாஸ்க்குமாக செம்மல் அதனிடம் கைரேகை மெஷினைக் காட்டிச் சொன்னான்: 'ரேகை விழலை. நாளைக்கு வாங்க.'

"ஆத்தா, அதை அழிச்சிராத."

முதல் வட்டத்தில் நின்ற வயதான பெண்தான் சொன்னாள்.

"எம்மவன் கருப்பன் போயி பதினெட்டு நாளாச்சு. பொட்டுத் தண்ணி வரலை எனக்கு, கல்லாட்டம் கெடந்தேன். நேத்து இதைப் பாத்ததும் சிரிச்சுப்புட்டேன். நம்மளைத்தான் தெனமும் அலைய விடுறாக, அதையுமான்னு. சிரிக்கச் சிரிக்க அழுகை வந்திருச்சு. நேத்து ராவுலதான் தூங்குனேன்." மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒன் வீட்டுக்கு வரணும்னுதான் இருந்தேன். பயம் ஆத்தா."

பரிமளா பலகையைப் பார்த்தபடியே நனைத்த துணியை மடித்துக்கொண்டாள்.

"இம்புட்டுத் தொந்தி எங்கிட்டு இருந்துச்சு அவருக்கு" என்றாள். உதடு சிரிப்பது போலத்தான் கோணியது.

உள்ளேயிருந்து புது சேல்ஸ்மேன் கூப்பிட்டார். "அடுத்து யாரு, வாங்க."

வட்டங்களில் நின்ற ஒருவரும் நகரவில்லை.