இரண்டாவது கியர் நிற்காத வேன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் பெஞ்சில் கிடைத்தது. ஸ்கூட்டரின் பிரேக்கைச் சரிசெய்யப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு வேன் நின்றது. அதன் அருகில் நின்ற பெண்ணிடம் மெக்கானிக், “கழட்டவா, மாத்தவா?” என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் என் வண்டி தயாராகிவிட்டது, கிளம்பி வந்துவிட்டேன். கேள்வி மட்டும் என்னோடு வீடு வரைக்கும் வந்தது. மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது. முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வம்பில்லை.

எதையும் வரிசைப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம். ஆனால் தொடக்கமே தகராறு செய்தது.

“மழை தூறிக்கொண்டிருந்த அந்தக் காலையில், வேனின் இரண்டாவது கியர்” (மழை எதற்கு? வரியை அடித்தாயிற்று.)

“இயந்திரங்களுக்கும் மனசு உண்டு என்பதை” (கிடையாது.)

“அக்காவும் தம்பியும் சேர்ந்து சலவைக்கடை நடத்தினார்கள்.” இது இருக்கட்டும்.

2

அக்காவும் தம்பியும் சேர்ந்து சலவைக்கடை நடத்தினார்கள். விடுதிகளின் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் காலையில் அவர்களுடைய வேனில் அழுக்காக வரும், மாலையில் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். காலையில் அக்கா ஓட்டுவாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போய் மூட்டை ஏற்றுவான். மாலையில் அவன் தனியாக ஓட்டுவான். (இந்த ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். நான் மறந்துபோய்ப் பிறகு திண்டாடினேன்.)

அந்த வேனில் இரண்டாவது கியர் நிற்காமல் போயிற்று. மேடு ஏறும்போது கியர் கம்பி தானாகத் துள்ளி நடுவுக்கு வந்துவிடும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது, பின்னால் வருகிறவர் ஹாரனாலேயே திட்டித் தீர்ப்பார். தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய தலையணை உறையிலிருந்து ஒரு பட்டை கிழித்து, கியர் கம்பியை இருக்கையின் காலோடு இழுத்துக் கட்டினான். ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்கிற முடிச்சு.*

* சலவைக்கடைக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த வைத்தியம் தோன்றியிருக்காது. நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். நீக்கினால் சண்டையும் போய்விடுகிறது.

“கட்டிக் கட்டியே கியர் பாக்ஸைக் கெடுத்துட்டே.”

“கெட்டதுக்கு அப்புறம்தானேக்கா கட்டினேன்!”

“அதுக்கு முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்தது? கிளட்சை மிதிக்கறதுக்குள்ள கியரை உருவற ஆளு நீ.”

“ஆமா, நான் உருவறேன். நீ தாலாட்டுப் பாடி மாத்தறே.”

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள்: “பாக்ஸ் உன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, சாவியை வச்சுட்டு வேற வேலை பாத்துக்கோ.”

தம்பி பட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

3

மெக்கானிக்கை எல்லோரும் “அஞ்சு நிமிஷம்” என்பார்கள். எதைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷம் என்பார். அதற்குள் நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். அவரிடம்தான் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

“கழட்டினா, எது தேஞ்சிருக்கோ அதை மட்டும் மாத்தலாம். உங்க பாக்ஸ், நம்பி ஓட்டலாம். ஆனா சாமான் வரணும், ஒரு வாரம் வண்டி இங்கதான் படுத்திருக்கும். வேற பாக்ஸ் ஒண்ணு இருக்கு, அடிபட்ட வண்டியிலேர்ந்து எடுத்தது. அதைப் போட்டா நாளைக்கே ஓட்டிட்டுப் போலாம். உள்ள எப்படின்னு அதுக்குத்தான் வெளிச்சம். உங்க பழசைத் திறக்காம அப்படியே பாக்ஸ் விக்கறவங்க எடுத்துக்குவாங்க.”

“கழட்டுங்க. யாரு கைவரிசைன்னு தெரியட்டும்,” என்றாள் அக்கா.

“மாத்திடலாங்க்கா,” என்றான் தம்பி. “ஒரு வாரம் துணி போகலேன்னா பெரிய விடுதி நம்மளைக் கழட்டி விட்டுடும்.”

“ஏன், பயமா இருக்கா?”

தம்பி தகரக் கூரையைப் பார்த்தான்.

இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் உண்டாக்கிய ஆள்தான், இருந்தாலும். ஒரு பிரதியில் அவனையே குற்றவாளியாக்கி எழுதினேன். பாக்ஸைத் திறக்கிறார்கள், குட்டு வெளிப்படுகிறது, அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து

படித்தால் சப்பென்று இருந்தது. முதலிலேயே மாட்டிக்கொண்டவனைக் கடைசியில் ஒருமுறை மாட்டிவைக்கக் கதை எதற்கு?

4

ஆகையால் வேனை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவிட்டேன்.

“அஞ்சு நிமிஷம். நீங்களே ஓட்டுங்கக்கா,” என்று மெக்கானிக் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பட்டையை அவிழ்த்து வெளியே நின்ற தம்பியிடம் கொடுத்தார்.

அக்கா பதமாகத்தான் ஓட்டினாள். கிளட்சை முழுக்க மிதித்தாள், கியரை நோகாமல் மாற்றினாள். நேர்ச் சாலை வந்ததும் மெக்கானிக் கேட்டார்:

“கையை எங்க வச்சிருக்கீங்க?”

குனிந்து பார்த்தாள். ஒரு கை ஸ்டியரிங்கில். இன்னொன்று கியர் கம்பியின் தலையில், தூங்குகிற குழந்தையைத் தொட்டுக்கொண்டிருப்பது போல.

“எப்பவும் இங்கதான் இருக்கும்.”

“கியர் துள்ள ஆரம்பிச்சதுக்கு அப்புறமா?”

“ஓட்டக் கத்துக்கிட்டதிலேர்ந்து.”

மெக்கானிக் காதைச் சொறிந்தார். “உள்ள கியரைத் தள்ளிவிடறதுக்கு ஃபோர்க்னு ஒண்ணு இருக்கு. தள்ளிட்டு அது ஒதுங்கிக்கணும். மேல கை இருந்தா ஒதுங்க முடியாது. சுத்தற கியரோட உரசிக்கிட்டே கிடந்து தேயும்.”

“அப்போ இது என்னாலயா?”

“சத்தியம் பண்ண மாட்டேன். தம்பி கட்டின கட்டும் இதே வேலையைத்தான் செய்யும். ஆயில் குறைஞ்சாலும் போகும். திறந்தா ஓரளவு தெரியும்.”

அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் அது தானாகப் போய்க் கம்பியின்மேல் உட்கார்ந்தது.

5

இதை எழுதிய பிறகுதான் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். காலையில் அக்கா ஓட்டுவாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போவான். நானே எழுதியிருக்கிறேன்! தினமும் அந்தக் கை அவன் முழங்காலை ஒட்டித்தானே இருந்திருக்கும்? மாலையில் தனியாக வண்டியோடு சுற்றுகிறவன், கியர் ஏன் துள்ளுகிறது என்று எந்த மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்காமலா இருந்திருப்பான்?

“மாத்திடலாங்க்கா” என்றானே, அது தனக்காகப் பட்ட பயமில்லை.

வேனைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தும்போது அக்காவுக்கும் அதுதான் உறைத்தது. தம்பி வாசலில் நின்றிருந்தான். பட்டையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விடுதிக்குப் போகிற துண்டு மாதிரி மடித்துக்கொண்டிருந்தான்.

இனி முடிவு. மாற்றச் சொன்னால், நாளைக்கே வண்டி ஓடும், விடுதியும் தங்கும். பழைய பாக்ஸ் வாய் திறக்காமல் போய்ச் சேரும். பழி தம்பியோடு நிற்கும்; அவன் சாவியை

(இதற்கு மேல் என் கை ஓடவில்லை. ஆனால் இப்படி நடப்பதுதான் அதிகம்.)

கழட்டச் சொன்னால், உள்ளே இருப்பதை அவன் முன்னாலேயே நின்று பார்க்க வேண்டும். விடுதி கைவிட்டுப் போகலாம். அவ்வளவுக்கும் பிறகு ஃபோர்க் யாரையும் காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம்.

மாற்றிவிட்டு, வாயால் உண்மையைச் சொன்னால் போதாதா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் “ஒருவேளை நானாகவும் இருக்கலாம்டா” என்பதும், திறந்து வைத்து அவனைக் கூப்பிட்டுக் காட்டுவதும் ஒன்றா?

அக்கா இறங்கினாள்.

“ஏன்டா, தினமும் பக்கத்துலதானே உக்காந்து வந்தே. நீ பாத்ததே இல்லையா?”

“எதைக்கா?” என்று பட்டையை இன்னொரு மடிப்பு மடித்தான் தம்பி.

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வந்தார். “என்னக்கா, கழட்டவா, மாத்தவா? அஞ்சு நிமிஷம் தர்றேன், யோசிச்சுச் சொல்லுங்க.”

அவருடைய அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். என் ஸ்கூட்டர் தயாராகிவிட்டது. பெஞ்சில் இப்போது இடம் காலி, வந்து உட்காருங்கள். அவள் திரும்பிப் பார்த்தால் என்ன சொல்வது என்று நீங்கள் யோசித்து வையுங்கள்.