மூன்று நிமிடத்தில் பதினோரு யோசனை

...அதிலும் இந்த முதல் வரியை இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறார், பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது, ‘கோல்கீப்பரை உடனே மாற்றவும்’, இதை எந்த வாயால் வாசிப்பது, அந்தக் கோல்கீப்பரே பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், காலையில் உள்ளே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு வாங்கம்மா என்றவனும் அவன்தான்... ஆராயி தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். சேலம் மைதானத்துக் கேலரிக்கு அடியில் இருந்த அந்த அறையில் ஃபேன் சுற்றியும் வேர்த்தது. சேர்வராயன் அணி வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றுவிட்டது, இன்னும் ஐந்துதான் மிச்சம், இப்படியே போனால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள், அதனால் ரசிகர்களில் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, ஆளுக்கு மூன்று நிமிடம் யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒன்பதாவது சீட்டில் விழுந்த பெயர் சென்னிமலை, அவள் வீட்டுக்காரர். இதோ இடது பக்கத்து நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாலு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் இப்போது மூச்சு, பேச்சு இல்லை. அவர் எழுதிவிட்டார், இவள் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதானா?

ஆறாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார், ராசிபுரத்தில் தறி ஓட்டுகிற முருகானந்தம், பந்து நம்ம ஆளுகளுக்குக் கடன் குடுத்தவன் மாதிரி தெரியுதுங்க, பாத்தாலே ஒதுங்கிப் போறாங்க என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள், கிளப் மேனேஜர் ஷாலினி என்கிற அந்தப் பெண்கூட லேப்டாப்பில் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தது. சென்னிமலை சிரித்தார், தோள் குலுங்கியது, துளையில் காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. இவருடைய சிரிப்பு எப்படி இருக்கும்... கல்யாணம் ஆன புதிதில் அவர் சிரித்தால் மோகனூர் ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பான். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரியில் பத்து வருசம் ஊர் ஊராகப் போனவர், கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அப்படி ஆன தொண்டை. கோழிக்கோட்டுப் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தக் கால்பந்துக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது, சாயங்காலம் அறுப்பு முடிந்த வயலில் கூட்டம் கூட்டமாக விளையாடுவார்களாம், குழாய் இறக்கிவிட்டு இவரும் போய் நிற்பாராம். அப்புறம் கோழிப்பண்ணை, பிள்ளைகள் படிப்பு, எல்லாம் ஆகி, ஆறு வருசத்துக்கு முன்னால் சேலத்துக்கே ஒரு அணி வந்துவிட்டது என்றதும், நாமக்கல்லிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் வந்தார், துணைக்கு இவளையும் இழுத்துக்கொண்டு. இவளுக்குப் பந்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பொரியும் கடலையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கூட வருவாள். பார்க்கப் பார்க்கத் தெரிந்துவிட்டது, தெரியாமல் எங்கே போகும், ஆறு வருசம்.

கோலுக்கு நேர் பின்னால், கம்பி வலைக்குப் பக்கத்தில், முதல் வரிசை, அதுதான் அவர் இடம். உட்கார்ந்ததிலிருந்து கத்தல்தான். நில்லு மணி, எடத்த உட்டு நவுராத, இன்னும் வரல, இன்னும் வரல, நில்லு... கோல்கீப்பர் மணிமாறன் மல்லசமுத்திரத்துக்காரன், இவர் பாஷை அவனுக்குப் புரியும், திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டுவான். அவனுக்கு ஒரு அவசரம் உண்டு, எதிராளி பந்தோடு வந்தால் வீட்டுக்கு வருகிற விருந்தாளியை வாசலுக்கே போய் அழைக்கிற மாதிரி ஓடிப் போய்விடுவான், போனால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு கோல். ஆனால் அப்போதெல்லாம் போக மாட்டானே... போகக் கால் எடுப்பான், நிற்பான். இப்போதுதான் போகிறான். எப்போதிலிருந்து? ஏழு தோல்வி. நாலு உள்ளூரில், மூன்று வெளியூரில். முதல் தோல்வி எப்போது... ஆஸ்பத்திரியில் இவர் படுத்திருந்தார், செல்போனில் ஆட்டத்தைப் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, கையால் கட்டிலை ஓங்கி அடித்தார், நர்ஸ் ஓடி வந்தாள், அன்றைக்குத்தான். சீ, என்ன நினைப்பு இது. வெளியூர் ஆட்டத்துக்கு இவர் போனதேயில்லையே, அங்கேயும்தான் தோற்றார்கள், அதற்கு என்ன சொல்வாய் ஆராயி?

ஏழாவது ஆள் எழுந்தார், பயிற்சியாளரை மாற்று என்று ஒரே வரி, உட்கார்ந்துவிட்டார். மிச்ச நிமிடம் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா இருக்கிற நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது... அதுதான் தப்பு, அதுதான். அவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் வாரம் அழுதுகொண்டே இருந்தாள், பண்ணைக்குள் போனால் அழுகை, அடுப்படியில் அழுகை. இரண்டாவது வாரம் ஒரு நாள் முட்டை வியாபாரி போன் செய்தான், இவர் பேச முடியாது, அவள் எடுத்தாள், ஆரம்பித்த வாக்கியத்தை முடித்தாள், அதற்கு அடுத்ததையும் முடித்தாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, பின்னாலிருந்து, நீ சும்மா இரு புள்ள, இங்க குடு என்று யாரும் பிடுங்கவில்லை. முப்பத்தாறு வருசத்தில் அவள் முடித்த வாக்கியங்களை எண்ணிவிடலாம். கெட்டவர் இல்லை, கை நீட்டினதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, அவளுக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர். ஆனால் அந்தக் குரல் வீட்டில் இருந்தால் வேறு குரலுக்கு இடம் இல்லை. இப்போது சாயங்காலம் தண்ணீர்க் குழாயைக் கோழிகள் டக் டக்கென்று கொத்துகிற சத்தம்கூடக் கேட்கிறது. அந்தச் சத்தம் இத்தனை வருசமும் இருந்ததா?

கோயமுத்தூர் டாக்டர் சொன்னார், தொண்டைக்குள் சின்னதாக ஒரு வால்வு வைக்கலாம், விரலால் துளையை மூடிக்கொண்டு பேசலாம், பழைய குரல் வராது, ஆனால் பேச்சு வரும், கத்தக்கூட முடியும் கொஞ்சம், வந்து ஒரு நாள் படுத்தால் போதும் என்று. தேதியும் கொடுத்தார்கள். போன் பேசுகிறவள் அவள்தானே. பண்ணையில குஞ்சு இறக்குகிற வாரமுங்க, அடுத்த மாசம் வரோமுங்க என்றாள். அது நிஜம்தான், குஞ்சு இறங்கியது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார்கள், வூட்டுல விசேசமுங்க என்றாள். என்ன விசேசம்? ஒன்றும் இல்லை. அவரிடம் வந்து, டாக்டர் ஊருல இல்லீங்களாம், தள்ளிப் போட்டுட்டாங்க என்றாள். அவர் நோட்டில் எழுதினார், ‘சரி’. அந்த ஒரு வார்த்தைதான். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. அன்று ராகிக்களி கிண்டும்போது கை தானாகக் கிண்டியது, புத்தி எங்கேயோ நின்றது, உனக்கு என்ன ஆச்சு, நீயா இப்படிச் செய்தாய் என்று தன்னையே கேட்டாள், இன்னும் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொரு ஆராயி உள்ளே இருந்து பதில் சொன்னாள், அவளுக்குச் சத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை.

சென்னிமலை விலாவில் இடித்தார். எட்டாவது ஆள் முடிக்கப் போகிறாராம். நோட்டில் எழுதி நீட்டினார், ‘முதல் பாயிண்டை அழுத்திச் சொல்லு’. முட்டை குறைந்த கோழியைக் கறிக்கு ஏற்றி அனுப்புகிற மாதிரிதான் இவருக்கு எல்லாம், மணிமாறனுக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு, அனுப்பு. நீங்கள் அறுபத்து மூன்று, உங்களை எங்கே அனுப்புவதாம்? கேட்டிருப்பாள், அவரிடம் குரல் இருந்தால். குரல் இல்லாதவரிடம் கேட்கக் கூடாது. இது ஒரு புதுச் சட்டம், அவளாகப் போட்டுக்கொண்டது.

ஷாலினி பெயரைக் கூப்பிட்டது. ஆராயி எழுந்து மைக்குக்குப் போனாள், அவுங்களுக்குப் பேச முடியாதுங்க, அவுங்க எழுதுனத நான் படிக்கிறனுங்க என்று சொன்னாள், தன் குரல் மேலே மாட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து திரும்ப வந்து காதில் விழுந்ததும் ஒரு கணம் யாரோ என்று நினைத்தாள். இரண்டாவதிலிருந்து வாசித்தாள். ஆட்டத்துக்கு ஒரு பதினோரு பேர் என்று மாற்றாமல் நாலு ஆட்டத்துக்கு ஒரே ஆட்களை விடவும், அப்போதுதான் யார் எங்கே நிற்பான் என்று அடுத்தவனுக்குத் தெரியும். கடைசிக் கால் மணி நேரத்தில்தான் ஒன்பது கோல் வாங்கியிருக்கிறோம், ஆகையால் பயிற்சியைக் காலையில் வைக்காமல் ஆட்டம் நடக்கிற வெயிலிலேயே வைக்கவும். கார்னர் அடிக்கும்போது தீனி போட்ட இடத்தில் கோழி குவிகிற மாதிரி எல்லாரும் ஒரே இடத்தில் குவிய வேண்டாம். இந்த இடத்தில் முருகானந்தம் கை தட்டினார். வலது பக்கத்து ஆள் முன்னேறிப் போனால் அவன் இடத்தை யாராவது பார்க்கவும், யாரும் பார்ப்பதில்லை. நல்லாத்தான் எழுதியிருக்கிறார் மனுசன். ஆறு, ஏழு, எட்டு... வாசிக்க வாசிக்க வேகம் கூடியது, அவர் பேசுகிற வேகம், அவர் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு, பதினொன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இலவசமாக உள்ளே விடவும், சத்தம் இல்லாத கேலரியில் எவனுக்கும் கால் ஓடாது.

சத்தம் இல்லாத கேலரியில். தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். முதல் வரி மட்டும் பாக்கி. சென்னிமலை அங்கிருந்து ஒரு விரலைக் காட்டினார், ஒன்று, ஒன்று. பின்வரிசையில் மணிமாறன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏற்கெனவே ஐந்து பேர் அவனை மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஆறாவது ஆளாக நானா? இதைச் சொன்னால் அவர் சொன்னது. சொல்லாவிட்டால்...

“இன்னொண்ணு இருக்குதுங்க, அது இதுல எழுதுனது இல்லீங்க, நாஞ் சொல்றது,” என்றாள். “கோல்கீப்பரு தம்பி அவசரப்பட்டு முன்னால வந்தர்றாருங்க. முந்தியும் அந்த அவசரம் இருந்துச்சுங்க, ஆனா நின்னுக்குவாரு. நில்லுன்னு பொறகால இருந்து ஒரு ஆள் சொல்லீட்டு இருந்தாங்க. இப்பச் சொல்றதுக்கு ஆள் இல்லீங்க.”

மணி அடித்தது, மூன்று நிமிடம். யாரும் கை தட்டவில்லை, என்ன சொன்னாள் என்று யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மணிமாறன்தான் எழுந்தான். அவ்வளவு உயரமானவன், நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து வந்தான், சென்னிமலைக்கு முன்னால் நின்று அவர் முகத்தையும் கழுத்துத் துண்டையும் பார்த்தான்.

“அந்தச் சத்தம் இவுருங்களா?” என்று ஆராயியிடம் கேட்டான். “ஒருக்காக்கூடத் திரும்பி மொகத்தப் பாத்ததில்லீங்கம்மா. திடீர்னு நின்னு போச்சுங்களா... பெரியவரு தவறீட்டாருன்னே நெனச்சுட்டனுங்க.”

எங்கே தவறிப் போனார், கூரைக்குக் கீழே மேல் வரிசையில்தான் இருந்தார், புழுதி துளைக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அவள்தான் இடத்தை மாற்றினாள், அங்கிருந்து அவர் கை மட்டும் தட்டினார், கை தட்டினால் அது யார் கை என்று யாருக்குத் தெரியும். சென்னிமலை வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை, வராது என்பது மறந்துபோய்த் திறந்துவிட்டார், அப்புறம் மூடிக்கொண்டு மணிமாறனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மாற்று என்று எழுதின அதே கை. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஆபரேஷன் அன்றுகூட அப்படிச் சிவக்கவில்லை. இந்த நாலு மாதமும் ஒரு நாள்கூடக் குரலுக்காக இவர் அழுது அவள் பார்த்ததில்லையே, சரி என்றுதானே எழுதினார், சரி என்றால் சரி என்றுதானே அவளும்... அப்படித்தான் எடுத்துக்கொண்டாயா, இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளத் தோதாக இருந்ததா?

ஷாலினி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அய்யாவுக்குப் பேச்சு திரும்ப வருங்களாம்மா, டாக்டர் என்ன சொல்லியிருக்காங்க என்று கேட்டது.

“வருமுங்க. வர்ற வெள்ளிக்கெழமை வால்வு வெக்கறாங்க.”

சொல்லிவிட்டாள். எந்த வெள்ளிக்கிழமை, யார் சொன்ன வெள்ளிக்கிழமை, வாய் எங்கிருந்து எடுத்தது அந்தக் கிழமையை? அறை முழுக்கக் கை தட்டினார்கள், முருகானந்தம் எழுந்தே நின்று தட்டினார், பத்தாவது ஆள் தன் சீட்டை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். சென்னிமலை மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். கேட்கிறாரா, சிரிக்கிறாரா, எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் சரி எழுதினாரா, அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. விரல்களை மடக்கினார், திங்கள், செவ்வாய், புதன், ஐந்து விரலும் ஆனதும் அந்தக் கையை அப்படியே அவள் பக்கம் நீட்டினார், சரிதானே என்பது போல. அவள் தலையாட்டினாள். நாளைக் காலையில் கோயமுத்தூருக்குப் போன் செய்ய வேண்டும், ஆஸ்பத்திரி திறந்ததும், முதல் ஆளாக. இரண்டு தடவை தள்ளினவர்களுக்கு உடனே எங்கே இடம் இருக்கும், இந்த மாதம் முடியாதும்மா என்று இந்தத் தடவை அவர்களே சொல்லிவிட்டால்... உள்ளே அந்த இன்னொரு ஆராயி தலையைத் தூக்கின மாதிரி இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பயம்தானே அது, பயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள், பத்தாவது ஆள் பேச ஆரம்பித்திருந்தார், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை.