எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும்

மச்சினன் கம்ப்யூட்டரின் ஒயர்களைப் பிடுங்கியபோது பஸ் டிரைவரான அவர் தடுக்கவில்லை. இறந்துபோன மனைவியைக் கிடத்த அந்த அறைதான் தோதாக இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைச் சமையலறை மேடையில் கொண்டுபோய் வைத்தார்கள். காலை ஏழு மணிக்கு அவள் மூச்சு நின்றிருந்தது. மூன்று மாதமாக எதிர்பார்த்ததுதான்.

பதினொரு வருடமாக அந்தப் பெட்டி அணைந்ததே இல்லை. பஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்தால் அதன் இரைச்சல் காதைக் குடையும். "அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?" என்று ஒருமுறை அவளிடம் எரிந்து விழுந்தார்.

"கம்ப்யூட்டரையே ஓட்டற ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை எழுதின மொத்த சோர்ஸ் கோடும் இருக்கு. லட்சக்கணக்கான வரி. நெட் வழியா இதுக்குள்ள படிக்க வர்றவங்களுக்கு முழி பிதுங்கிடும். நான் கோடுல வர்ற ஒவ்வொரு பேரையும் கோத்து வச்சிருக்கேன். பேரைத் தொட்டா அதை எங்க எழுதியிருக்கு, எங்கெங்கேருந்து கூப்பிடறாங்க, எல்லாம் காட்டும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"டிக்கெட் கிழிக்காத பஸ்ஸுன்னு சொல்லு."

"ஆமா. ஆனா எல்லா ஸ்டாப்புலயும் நிக்கும்."

மதியம் அவர் சட்டைப் பையிலிருந்த அவள் போன் அடித்தது.

"அக்கா, சைட் திறக்கவே மாட்டேங்குதுக்கா! நாளைக்குப் பரீட்சை. பசங்க அம்பது பேரும் திண்டாடறாங்க."

"நான் அவ வீட்டுக்காரர் பேசறேன்."

"சாரி சார், நான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன். அக்காகிட்ட கொஞ்சம் குடுக்கறீங்களா?"

காலையிலிருந்து மச்சினன்தான் எல்லோருக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் வாயால் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"இப்ப முடியாதும்மா. பெட்டியோட ஒயரெல்லாம் பிடுங்கிக் கெடக்கு. என்ன பண்ணணும்னு சொல்லு, நான் பண்றேன்."

"நெட் ஒயர் எங்க இருக்கு சார்?"

அது மனைவியின் தலைமாட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குள் வந்ததும் அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது.

"என்ன மாமா இது, இந்த நேரத்துல?" என்றான் மச்சினன்.

"கொஞ்சம் தள்ளிக்கப்பா."

தலைமாட்டில் மண்டியிட்டு, போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஒயராகச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு சார்! அக்காகிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க."

"சொல்றேம்மா."

பெட்டிக்குள் சுழன்ற விசிறியின் காற்றில் அவள் நெற்றி முடி அசைந்தது. அதைக் காதோரம் ஒதுக்கிவிட்டு, பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தார்.