செருப்பு அடுக்கும் ஜின்

"டீச்சர், நம்ம ஸ்கூல்ல ஜின்னு இருக்குது."

சொன்னவள் நந்தினி. இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் தனக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்கிற நினைப்பு அவளுக்கு.

"யார் சொன்னது?" என்று கேட்டாள் சோபனா டீச்சர்.

"சமீருல்லா."

"இருக்கும்னுதான் டீச்சர் நான் சொன்னேன். இருக்குதுன்னு இவ சொல்றா," என்றான் சமீருல்லா.

"சரி, இன்னா பண்ணுதாம் அந்த ஜின்னு?"

"செருப்பு அடுக்குது."

ஆம்பூரில் இருக்கிற அந்தத் தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு வெளியேதான் செருப்பைக் கழற்றவேண்டும். காலைச் சாப்பாட்டு வாசனை மூக்கில் ஏறிவிட்டால் கழற்றுவது எங்கே, உதறுவதுதான். வராந்தாப் படிக்குக் கீழே வாசலில் ஒரு குவியல் கிடக்கும். எல்லாம் அரசாங்கம் கொடுத்த செருப்பு. ஒரே நிறம், ஒரே வார், ஏறக்குறைய ஒரே அளவு. பள்ளி திறந்த புதிதில் சாயங்கால மணி அடித்தால் ஒருத்தன் செருப்பில் இன்னொருத்தி கால், அழுகை, தள்ளுமுள்ளு. பிறகு எப்போது என்று யாருக்கும் தெரியாமல் அது நின்றுபோனது. வெளியே வந்தால் செருப்புகள் சுவரோரம் இடதும் வலதுமாகச் சேர்ந்து, மூக்கை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தன. காலை நுழைத்தால் அது அவரவர் செருப்பு.

"ஆயம்மா அடுக்கியிருப்பாங்க," என்றாள் சோபனா.

"யாரு செருப்பு யாருதுன்னு ஆயம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது டீச்சர், எது என்னுதுன்னு," என்றான் பூவரசன்.

அது நியாயம்தான். சோபனா சாக்பீஸைக் கீழே வைத்தாள். "அப்ப வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்."

வெள்ளிக்கிழமை கடைசி நேரம் கதை நேரம். சோபனாவே ஏற்படுத்தியது. புத்தகத்தை மூடிவிட்டுப் பாய் விரிப்பார்கள். ஜன்னலுக்குப் பழைய பச்சைப் புடவை ஒன்றைக் கட்டிவிடுவாள். அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் குளத்துத் தண்ணீர்போல அசையும். பிள்ளைகள் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு தோன்றுவதைச் சொல்லலாம். ஒரே ஒரு சட்டம்: யாரும் யாரையும் பொய் என்று சொல்லக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே சோபனா பெரிய தாளில் எழுதி வைப்பாள். பாடப் புத்தகத்தில் ஒரு வரி படிக்காத பிள்ளைகூட, திங்கட்கிழமை வந்து தான் சொன்ன வரியை விரல் வைத்துப் படித்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜின்னைத் தவிர வேறு கதை எழவில்லை.

"ஒசரமா இருக்கும். கொய்யா மரத்து மேல உக்காந்திருக்கும்."

"கண்ணு?"

"பச்சையா. இந்தப் புடவ மாதிரி."

"அதுக்குக் கால் கிடையாது," என்றான் சமீருல்லா. "அதான் செருப்பு மேல அவ்ளோ ஆச."

"எங்கப்பா வேல செய்யற தோல் டேனரியில ட்ரம்மு சுத்தும்போது உள்ள யாரோ பேசற மாதிரி கேக்குமாம்," என்றான் பூவரசன்.

"அது தோலு ஜின்னு. இது ரப்பர் ஜின்னு. ரெண்டும் பேசிக்காது," என்றாள் நந்தினி.

சுவரோரம் படுத்திருந்த அஃப்ஷா மட்டும் கண்ணை மூடவில்லை. பள்ளியில் சேர்ந்த நாளாக அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னால் செய்வாள். கேட்டால் பார்ப்பாள். மாதம் ஒருமுறை வருகிற சிறப்புப் பயிற்சி டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, "காது நல்லா கேக்குது, புத்தியும் ரொம்பக் கூர்மை. நெருக்காதீங்க, அவளா வருவா," என்று சொல்லிப் போயிருந்தார். வெளியே போகவேண்டும் என்றால் சுண்டுவிரலைக் காட்டுவாள். தினமும் மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை. மற்றபடி அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

"அஃப்ஷா, நீ ஏதாச்சும் சொல்றியாடா?"

அஃப்ஷா பச்சைப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்ல மாட்டா டீச்சர். அவ பங்கையும் நானே சொல்லிடறேன்," என்றான் பூவரசன்.

அன்று சாயங்காலம் அஃப்ஷாவின் அம்மா ஜஹீருன்னிசா வந்தாள். ஷூ கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். புர்க்கா ஓரத்தில் பசை காய்ந்த வெள்ளைப் புள்ளிகள்.

"டீச்சர், காலாண்டு லீவோட இவள மேல்விஷாரத்துல எங்க அக்கா வூட்ல வுட்டுடலாம்னு இருக்கேன். அங்க உருது ஸ்கூல் இருக்குது. அங்கயாச்சும் வாயத் தொறப்பா."

"இவளுக்குத் தமிழ் புரியாம இல்லம்மா."

"புரியுது. வூட்ல வந்து எல்லாம் சொல்றாளே. நான் உள்ள நுழையறதுக்குள்ள ஆரம்பிச்சுடுவா. அவ இப்படிச் சொன்னா, இவன் அப்படி வுழுந்தான்னு, உருதுல பாதி, தமிழ்ல பாதி. கேட்டுக் கேட்டு எனக்குத் தலையே வலிக்கும். இங்க வந்தா ஊம. தெருவுல அப்படித்தான் கூப்பிடுதுங்க. ரொம்பப் பேஜாரா இருக்குது டீச்சர்."

"நீங்க அவள விட்டு இருந்துடுவீங்களா?"

ஜஹீருன்னிசா கைப்பையின் வாரை இழுத்து விட்டாள். "இருக்கத்தான் வேணும்."

"அவ இருப்பாளா?"

சற்றுத் தள்ளி அஃப்ஷா கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"லீவு விட இன்னும் ஒரு வாரம் இருக்குதும்மா."

"அதுக்குள்ள உங்க காது கேக்க ஒரு வார்த்த பேசிட்டான்னா அனுப்பல. எனக்கு மட்டும் ஆசையா இன்னா." ஜஹீருன்னிசா மகளைப் பார்த்தாள். "அங்க பாருங்க. கம்பெனியில என் வேலயே ஜோடி போடறதுதான். அளவு ஒண்ணா இருந்தா போதாது. முதுகுத் தோல் ஒரு நெறம் காட்டும், வயித்துத் தோல் ஒரு நெறம் காட்டும். ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து சேர்க்கணும். கழிச்ச துண்ட வூட்டுக்குக் கொண்டாந்தா இவ உக்காந்து ஜோடி போடுவா. வேற பொம்ம கேக்க மாட்டா."

சோபனா கேட்டுக்கொண்டாள். ஆனால் மனசெல்லாம் அஃப்ஷா பேசவேண்டிய அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது. கணியம்பாடிப் பக்கம் நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவள். செருப்பு அவளுக்குக் காலில் போடுகிற சாமான், அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை கலர் கலராக ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க செருப்புல பேரு எழுதப் போறோம். எழுதி முடிச்சதும் ஒருத்தர் ஒருத்தரா வந்து செருப்பத் தூக்கிக் காட்டிப் பேரப் படிக்கணும்."

வகுப்பில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. நந்தினி தன் பேருக்குப் பக்கத்தில் பூ போட்டாள். பூவரசன் இடதில் 'பூவ' என்றும் வலதில் 'ரசன்' என்றும் எழுதினான். அஃப்ஷாவும் எழுதினாள். அவள் முறை வந்தபோது செருப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. செருப்போடு போய் உட்கார்ந்தாள்.

அன்று மணி அடித்தபோது வாசலில் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. எல்லோரும் பேரைத் தேடிப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும்.

"ஜின்னு வரல டீச்சர்," என்றாள் நந்தினி.

"அதான் பேரு எழுதிட்டமே. இனிமே எதுக்கு ஜின்னு?"

"அதான் டீச்சர். நம்ம வேல இவங்களுக்கு வேணாம்னு நெனச்சுப் போயிருக்கும்," என்றான் பூவரசன்.

சோபனா சிரித்தாள். அஃப்ஷா அந்த வாரம் முழுக்க மத்தியானத்தில் சுண்டுவிரலைக் காட்டவில்லை. மேசையில் கன்னத்தை வைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெளிய போவணுமா?" என்று கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டினாள். சாப்பாட்டையும் பாதியில் வைத்தாள். ஊருக்கு அனுப்பப்போவது தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று சோபனா நினைத்துக்கொண்டாள்.

லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பாய் விரித்து, புடவை கட்டி, பிள்ளைகள் படுத்த நேரத்தில் மலைப்பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. பச்சை வெளிச்சம் கறுத்தது. முதலில் மண் வாசனை, அடுத்து ஓட்டின் மேல் குதிரைக் கூட்டம் ஓடுவது போன்ற மழை. யாரும் கதை சொல்லவில்லை. மழையே சொல்லட்டும் என்பதுபோலப் படுத்திருந்தார்கள்.

மணி அடித்தபோதுதான் நந்தினி எட்டிப் பார்த்தாள். "டீச்சர், செருப்பெல்லாம் நீச்சல் அடிக்குது."

முற்றம் குளமாகியிருந்தது. செருப்புகள் வாத்துக் குஞ்சுகளைப்போல மிதந்தன. சில கொய்யா மரத்தைச் சுற்றின. சில ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சாக்கடைப் பக்கம் கிளம்பின. ஆயம்மாவும் சோபனாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, பிளாஸ்டிக் தொட்டியில் அள்ளிவந்து வராந்தாவில் கொட்டினார்கள். சோபனா ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். பேர் இருந்த இடத்தில் நீலக் கறை. இன்னொன்றில் சிவப்புக் கறை. நந்தினியின் பூவும் கரைந்து போயிருந்தது.

"இது யாருது?"

"என்னுது," என்று இருட்டுக்குள்ளிருந்து எல்லோரும் சொன்னார்கள்.

யாரோ அழ ஆரம்பித்தார்கள். பள்ளி வாசலில் குடைகளும் தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணிகளுமாக வீட்டு ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.

அப்போது அஃப்ஷா வந்து குவியலின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஒரு செருப்பை எடுத்தாள். கட்டைவிரல் பதிந்த பள்ளத்தைத் தன் விரலால் தடவினாள். வராந்தா ஓரத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் குதிகாலின் தேய்மானத்தைப் பார்த்தாள். குவியலில் கையை விட்டு இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஜோடி சேர்ந்துவிட்டது. நிமிர்ந்து வகுப்புக்குள் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு. முகம் எதுவும் தெரியவில்லை.

"நந்தினி," என்றது ஒரு குரல்.

யாரும் வரவில்லை. சோபனாவுக்கே அது யார் குரல் என்று பிடிபடவில்லை.

"நந்தினி, வா சீக்கிரம்." கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சலிப்பு.

நந்தினி வந்தாள். காலை நுழைத்தாள். "என்னுதுதான்," என்றாள் மெல்ல.

"பூவரசன்."

"இதோ."

"சமீர். நீ கால இழுத்து இழுத்து நடக்கற. எப்படித் தேஞ்சிருக்குது பாரு."

சோபனா கையில் ஈரச் செருப்போடு அப்படியே நின்றாள். மத்தியானத்துக்கு மத்தியானம் உயர்ந்த அந்தச் சுண்டுவிரல் இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாரம் அது ஏன் உயராமல் போனது என்பதும் புரிந்தது.

"குடுங்க டீச்சர்," என்று அவள் கையிலிருந்த செருப்பை அஃப்ஷா வாங்கிக்கொண்டாள்.

"டேய், இவ பே..." என்று ஆரம்பித்த பூவரசனின் வாயை நந்தினி பொத்தினாள். "சும்மா இருடா. ஜின்னு பறந்துடும்."

ஒவ்வொரு பேராக மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. பேர் கேட்ட பிள்ளை கனவில் நடக்கிற மாதிரி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போக மனமில்லாமல் தூணோரம் ஒதுங்கி நின்றது. ஜஹீருன்னிசா எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. மடக்காத குடையோடு படியில் நின்றிருந்தாள். மகளைக் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒரே ஒரு செருப்பு மிஞ்சியது. அஃப்ஷா அதைத் திருப்பிப் பார்த்தாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மி, ஏக்கிச் ஹை."

டீச்சருக்குப் புரியாதே என்று நினைத்தாள் போலிருக்கிறது. திரும்பிச் சொன்னாள்: "ஒத்ததான் டீச்சர் இருக்குது. என்னுது."

"சாக்கடையில போயிருக்கும். நாளைக்கு நான் தேடிக் குடுக்கறேன்," என்றான் பூவரசன்.

ஜஹீருன்னிசா அந்த ஒற்றைச் செருப்பை வாங்கித் தண்ணீர் உதறினாள். ரொம்ப நேரம் உதறினாள்.

"எங்க அக்காவுக்கு போன் பண்ணணும் டீச்சர்."

"இன்னான்னு?" என்றாள் சோபனா.

"இவ வரலன்னு. ஒத்தய வெளிய அனுப்பற பழக்கம் எங்க கம்பெனியிலயே கிடையாது."

குனிந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அஃப்ஷாவின் கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தூக்கிக்கொள்கிற வயசு தாண்டிவிட்ட பிள்ளைதான்.

"அந்த ஒத்தச் செருப்பு இன்னேரம் பாலாத்துக்கே போயிருக்கும்," என்றான் சமீருல்லா. "அங்க ஜின்னு எடுத்துப் போட்டுக்கும்."

குடைக்குள்ளிருந்து அஃப்ஷா திரும்பினாள்.

"ஜின்னுக்குத்தான் கால் கிடையாதே," என்றாள். "நீதானே போன வெள்ளிக்கிழம சொன்ன."