ஒரே லாட்டு பனியன்

"எம்புள்ள! எம்புள்ளயத் தூக்கிட்டுப் போறான்!"

பாண்டியம்மாள் போட்ட சத்தத்தில் அருள்புரத்துச் சந்தே திரும்பிப் பார்த்தது. பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தவளுக்கு முன்னால், வடநாட்டு ஆள் ஒருவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகவேகமாகப் போகிறான். காலையில் மகன் முனீஸுக்கு அவள் மாட்டிவிட்ட அதே ஆரஞ்சு பனியன். ஒரு வாரமாக எல்லார் செல்போனிலும் பிள்ளை பிடிக்கிற கும்பல் வீடியோதான். எந்த ஊர், எந்த வருஷம் என்று யார் கேட்டார்கள்?

எந்தக் கட்சி வந்தால் நாடு உருப்படும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து வந்தார்கள். ஒர்க்‌ஷாப் சுரேஷ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். முதல் அடி விழுந்தது. குழந்தை வீறிட்டுத் திரும்பியது.

அது முனீஸ் இல்லை.

அந்த ஆரஞ்சு பனியன், ஏற்றுமதிக்குத் தேறாது என்று மொத்தமாகக் கழித்த ஒரே லாட்டுச் சரக்கு. கம்பெனியில் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பயத்தில் பாண்டியம்மாளுக்கு அது மறந்தே போயிருந்தது.

"விடுங்க! இது எம்புள்ள இல்ல. தெரியாமக் கத்திப்புட்டேன்!"

"நீங்க சும்மா இருங்கக்கா," என்றான் சுரேஷ். "உங்க புள்ள இல்லீன்னா வேற ஆரு புள்ளையோ. இவனுகள நம்பறதுக்கில்லீங்க."

கை ஓங்கிய கூட்டத்துக்குக் காரணமா முக்கியம்? பாண்டியம்மாள் நடுவில் புகுந்து நின்றாள்.

"கத்துனது நாந்தானே? என்னைய அடி. நானும் ராமநாதபுரத்துல இருந்து பொழைக்க வந்தவதான். அந்தப் புள்ள அவரு கழுத்த எப்பிடிக் கட்டியிருக்குன்னு பாருடா!"

சுரேஷ் பார்த்தான். "பாபா, பாபா" என்று குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது.

"பெத்தவன் அவன், கண்ணு. உட்ரு," என்றார் டீக்கடை நஞ்சப்பன்.

சட்டையைப் பிடித்த கை இறங்கியது. யாரும் கலையவில்லை. அந்த ஆளின் உதட்டில் ரத்தம். ஒரு கால் செருப்பைக் காணோம். குழந்தையோடு குனிந்து தேட அவனால் முடியவில்லை. சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பாண்டியம்மாளிடம் நீட்டினான்.

அவள் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காரு மனுசன்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

முதலில் சுரேஷ்தான் குனிந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் குனிந்து, தங்கள் காலடியிலும் சாக்கடை ஓரத்திலும் அந்த ஒற்றைச் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.