ஒரு விமானமும் குறையவில்லை

அந்த விமான நிலையத்தில் இணைப்புக் கவுன்டரில் பத்தொன்பது வருஷமாக நின்றவளை, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு விமானத்தில் வந்திறங்கி இன்னொன்றில் ஏறிப் போகிறவர்களைக் கரை சேர்ப்பது அவள் வேலை. அந்த ஊருக்கென்றே வருகிறவர்கள் குறைவு. சுற்றியுள்ள சின்ன ஊர்களிலிருந்து காலை ஏழு மணிக்குள் ஒன்பது விமானங்கள் வந்து இறங்கும். கூடம் முழுக்க ஓட்டமும் நடையுமாக இருக்கும். எட்டு மணிக்குள் அந்த ஒன்பதும் பெரிய ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிடும். சாயங்காலம் மறுபடியும் அதே கூத்து. வேலை செய்கிறவர்கள் இதை அலை என்பார்கள். அலை நேரத்தில் அக்காவுக்குப் பத்துக் கை முளைத்துவிடும் என்று சாமான் ஏற்றுகிற தராசு கேலி செய்வான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவதால் அவனுக்கு அந்தப் பெயர்.

சங்கத்துக்கும் அக்காதான் பிரதிநிதி. அவளுக்குக் கத்திப் பேச வராது. ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பாள். படித்துவிட்டு அவள் சரி என்றால் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

கம்பெனி தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய இன்னொரு கம்பெனியோடு சேரப் போகிறது என்ற செய்தி வந்தபோது ஓய்வறையில் வேறு பேச்சே இல்லை. பெரிய கம்பெனிக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இதேபோல் விமானம் மாறுகிற சொந்த மையம் ஒன்று இருந்தது. இரண்டு மையம் எதற்கு என்று ஒரு நாள் கேள்வி வராமல் இருக்குமா? அரசு இந்தச் சேர்க்கையை விசாரிக்க ஒரு குழுவை வைத்தது. ஊழியர்கள் எதிர்த்தால் அனுமதி இழுத்தடிக்கும் என்று கம்பெனிக்குத் தெரியும். கம்பெனியின் துணைத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, மூன்று வருஷத்துக்கு இங்கிருந்து ஒரு விமானத்தையும் குறைக்க மாட்டோம் என்று எழுதிய தாளை நீட்டினார். அவள் அதை நான்கு முறை படித்தாள். ஓட்டை எதுவும் தட்டுப்படவில்லை.

குழுவின் முன்னால் ஆறு நிமிஷம் பேசினாள். இந்தச் சேர்க்கையால் எங்கள் மையத்துக்கு ஆபத்தில்லை என்று சொன்னாள். அதற்கு முன்பே, முறைத்துக்கொண்டிருந்த சக ஊழியர்களை ஒவ்வொருவராகப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தராசுக்கு வேறொரு ஊர் விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. அவனுடைய ஏழு வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் எல்லாப் பேச்சும் கையால்தான். அந்த ஊரிலும் அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. குடும்பத்தோடு போய்விடலாம். போகவா, இருக்கவா என்று அக்காவிடம் வந்து நின்றான்.

“இரு. எழுத்துல குடுத்திருக்காங்க” என்றாள் அவள்.

அவன் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதி அனுப்பினான்.

கம்பெனிகள் சேர்ந்தன. சீருடையின் நிறம் மாறியது. ஆறு மாதம் எதுவும் நடக்கவில்லை. பிறகு புதிய கால அட்டவணை வந்தது. அதே ஒன்பது வரவு, அதே ஒன்பது புறப்பாடு. அப்பாடா என்று மற்றவர்கள் மூச்சுவிட்டார்கள். அக்கா மட்டும் பென்சிலை எடுத்துக்கொண்டு நேரங்களைச் சரிபார்த்தாள். மூன்று வரவுகள் நாற்பது நிமிஷம் தள்ளிப் போயிருந்தன. இரண்டு புறப்பாடுகள் அரை மணி முன்னால் வந்திருந்தன. ஒன்றில் இறங்குகிறவர் மற்றதைப் பிடிக்க வழியே இல்லை.  மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். தங்கள் அக்கறைக்கு நன்றி என்று மூன்று பதில் வந்தது.

அந்த மாதத்தில் ஒரு நாள் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அப்பா இறந்துவிட்டார், மத்தியானத்துக்குள் போனால்தான் முகம் பார்க்கலாம் என்றாள். முன்பெல்லாம் அந்த விமானத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்திருக்கும். இப்போது கதவை அடைத்துவிட்டிருந்தார்கள். அக்கா விமானம் ஏறும் வாசலுக்கு மூன்று முறை போன் போட்டுக் கெஞ்சினாள். பலிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் விமானம் பின்னால் நகர்வதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டாள். சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டு அக்கா அவள் சீட்டை அதற்கு மாற்றிக் கொடுத்தாள்.

இப்படியே போனால் யார் வருவார்கள்? இரண்டு வருஷத்தில் இணைப்புப் பயணிகள் பாதியாகிவிட்டார்கள். பயணிகளே இல்லாத மையத்தை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனி அறிக்கை விட்டது. அக்கா இரண்டு நாள் விடுப்புப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். துணைத் தலைவர் அவளை மறக்கவில்லை. காபி வரவழைத்தார். அவர் பேச்சில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. ஒரே வீட்டுக்குள் எதற்கு இரண்டு சமையலறை என்று கேட்டார். அங்கே இடம் பெரிது, ஓடுபாதை மூன்று, இங்கேயிருந்து பறப்பது வீண் செலவு என்று விளக்கினார். அதையெல்லாம் அவளால் மறுக்க முடியவில்லை. பாதி உண்மைதான்.

“வாக்கு குடுத்தீங்களே சார்” என்றாள்.

“ஒரு விமானமும் குறையலையேம்மா.”

“அவங்க யாரும் உங்களை நம்பலை சார். என்னை நம்பினாங்க.”

அவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மூன்று வருஷக் கெடு முடிந்து மையம் மூடினாலும் உள்ளூர்ப் பயணிகளுக்காகப் பதினொரு பேர் இருப்பார்கள், அதில் முதல் பெயர் அவளுடையது என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் முதுகில் அறுவைச் சிகிச்சை ஆகி எட்டு மாதமாக வீட்டில் படுத்திருந்தார். வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். 

பட்டியலை ஓய்வறைச் சுவரில் ஒட்டினார்கள். நூற்று நாற்பது பேரில் பதினொரு பெயர். தராசு இல்லை. அவன் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “உங்க பேராவது இருக்கே, நல்லதுக்கா” என்றான். அவன் குத்திக் காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னான். தன் பெயர் இருப்பது முன்பே தெரியும் என்பதை அவள் அப்போதே சொல்லிவிட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கடைக்குப் போயிருந்தான். அன்றைக்கு வேண்டாம் என்று எழுதின வேலைக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்கள், இப்போது கிடைத்தது கடல் தாண்டி ஒரு சரக்குக் கிடங்கில், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று அவன் மனைவி சொன்னாள். சொல்லும்போதே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“என்னாலதான்மா” என்றாள் அக்கா.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். “நீங்க பொய் சொல்லலை. அது தெரியும். அதனாலதான் உங்க மேல கோவப்படக்கூட முடியலை. யார் மேலயாவது கோவப்பட்டா கொஞ்சம் தூக்கமாவது வரும்.”

அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் விசாரணைக் குழுவுக்கு எழுதினாள். நான் சொன்னது நடக்கவில்லை, என் சாட்சியத்தை நீக்கிவிடுங்கள் என்று. விவகாரம் முடிந்துவிட்டது, முடிந்ததில் எதையும் நீக்க விதியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் பிரதிநிதிப் பொறுப்பை விட்டு விலகினாள். யாரும் தடுக்கவில்லை. திட்டவும் இல்லை. அவள் வந்தால் பேச்சு மட்டும் கொஞ்சம் தணிந்துபோகும்.

தராசு கிளம்பிய நாளில் மூன்று வருஷக் கெடு முடிந்திருந்தது, காலை அலை என்று எதுவும் மிச்சமில்லை. நாலே விமானங்கள். கூடத்தில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். அவன் மற்ற மையத்துக்குப் போய் அங்கிருந்துதான் மாற வேண்டும். இரண்டு பயண அட்டைகளையும் அக்காவே அச்சடித்துக் கொடுத்தாள்.

“மாத்துறதுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. அவசரப்படாத” என்றாள். 

“சரிக்கா. மாமாவை நல்லா பாத்துக்குங்க.”

அவன் சோதனை வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போனான். மனைவியும் மகளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். சிறுமி கைகளை வேகவேகமாக அசைத்து அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவன் பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பதில் சொன்னான். அவள் மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அதையே சொன்னான். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் பேசியது அக்காவுக்குப் புரியவில்லை. யாரிடமும் கேட்கவும் துணியவில்லை. கவுன்டருக்கு முன்னால் ஒருவர் வந்து நின்று பயணச்சீட்டை நீட்டினார். அவள் வாங்கிப் பெயரைப் படித்தாள். எழுத்துகள் கலங்கியதால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் சொன்னாள்.