முதுகில் ஒரு சிங்கம்

பக்கிரிசாமி எழுதுகிற சிங்கம் சிங்கம் மாதிரியே இருக்காது. அதைச் சொன்னால் அவனுக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனாலும் கப்பலேறி வந்து பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளில் வேலை செய்த தமிழ்ச் சனத்தில் யாருக்கு அக்கி கண்டாலும் அவனைத் தேடித்தான் வருவார்கள். அவன் குயவன். ஊரில் பானை வனைந்த கை இங்கே தவுக்கே என்கிற சீன முதலாளியின் களத்தில் செங்கல் அறுத்தது. சாயங்காலம் கை கால் கழுவிவிட்டுக் காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் தொட்டு, அக்கிக் கொப்புளத்தின் மேலும் சுற்றியும் சிங்கம் எழுதுவான். மூன்று நாள் எழுதினால் அக்கி இறங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

இறகு பட்டால் யாரானாலும் நெளிவார்கள். மூட்டை தூக்குகிற தடியன்கூட, "அண்ணே, கூசுதுண்ணே" என்று சிணுங்குவான். பக்கிரிசாமிக்கு அதில் ஒரு குஷி. வேண்டுமென்றே சிங்கத்தின் வாலை நீட்டி எழுதுவான்.

மழை பிடித்துக்கொண்ட மாதத்தில் அவன் பெண்டாட்டி நல்லம்மாளின் முதுகில், தோளுக்குக் கீழே, சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. சின்ன வடை அகலம் இருக்கும். கிணற்றடியில் பக்கத்து வீட்டு இராஜம்மாதான் முதலில் பார்த்துச் சொன்னாள். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை.

கூலிகள் குடியிருந்த கொங்சியில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? மூட்டைப்பூச்சிக் கடி என்று இராஜம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். படர்தாமரை என்று ஒருத்தி சீமை அகத்தி இலையைக் கசக்கித் தேய்த்தாள். எல்லாம் சூளை வெக்கை, விளக்கெண்ணெய் வை, கருவாட்டை நிறுத்து என்றாள் மற்றொருத்தி. சொல்வதற்குக் காசா பணமா. நல்லம்மாள் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். தடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அக்கியாத்தான் இருக்கும் புள்ள. எழுதிப்புடலாம்" என்றான் பக்கிரிசாமி.

அக்கி என்றால் எரியும், கொப்புளம் போடும். அது அவனுக்கா தெரியாது? ஆனால் வேறு எதையும் நினைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. போன வருஷம் சூளைக்காரன் சின்னையாவின் கன்னத்தில் இதே மாதிரி ஒரு தடம் வந்தது; நெருப்புப் பொறி பட்டும் அவனுக்கு அங்கே உறைக்கவில்லை. பெருநோய், குஷ்டம் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து மாட்டுவண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே நோயாளிகளை அடைத்து வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி அந்த வாசலில் போய் நின்று நின்று அழுதுவிட்டுத் திரும்பினாள். நல்லம்மாள் மடியிலோ பால் குடிக்கிற பெண்பிள்ளை. பாக்கியம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்லம்மாள் கதவு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை.

"சிங்கத்த ஒழுங்கா எழுதுங்க. இராஜம்மா கையில நீங்க எழுதுனது தவுக்கே வீட்டு நாய் மாதிரி இருந்துச்சு."

"நாயக் கண்டாலும் நோய் ஓடும். பேசாம குந்து."

இறகைத் தோய்த்து முதல் தடத்தில் சிங்கத்தின் முகத்தை எழுதினான். இரண்டாவது தடத்தில் வயிற்றை எழுதினான். நல்லம்மாள் பிள்ளையின் விரல்களை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னுமா ஆரம்பிக்கல? பிள்ளை தூங்கிரப் போவுது."

அவன் கை நின்றுவிட்டது. ஈரக் காவி தடத்தின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"இப்பத்தான் கொழைக்கிறேன்" என்றான். இறகைத் தடத்துக்கு வெளியே நல்ல தோலில் வைத்தான். அவள் துள்ளினாள். "அய்ய, கூசுது" என்றாள். மிச்சச் சிங்கத்தை எப்படி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது.

அன்று இராத்திரி படுத்தபடி யோசித்தான். ஆஸ்பத்திரியில் பெருநோய்க்கு நீரடிமுத்து எண்ணெய் கொடுக்கிறார்களாம், சிலருக்குக் கேட்கிறதாம். ஆனால் எண்ணெய் கொடுக்குமுன் ஆளைப் பிரித்துவிடுவார்களே. மறைத்தாலோ, அவள் மார்பில் கிடக்கிற பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் எழுதி முடிக்கிறவரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தான். கோழை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பெண்டாட்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரவேண்டிய நாள் அவர்களுக்கு வரவில்லை.

மறுநாளும் நல்லம்மாள் வந்து உட்கார்ந்தாள். பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. இறகைத் தோய்த்துக்கொண்டு, தடம் கொஞ்சமாவது மங்கியிருக்கிறதா என்று கிட்டே குனிந்து பார்த்தான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

அவள் தோளைக் குலுக்கினாள். "கூசுதுங்க. மெதுவா எழுதுங்க" என்று சிரித்தாள்.

பக்கிரிசாமிக்கு உயிர் வந்தது. மாரியம்மா, காப்பாத்திட்டே என்று நினைத்தான். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தான். இறகு கிண்ணத்துக்கு மேலேயே இருந்தது. அவளை அது இன்னும் தொடவில்லை.

அவனிடமிருந்து சத்தம் வராததால் அவள் சிரிப்பு நின்றது.

"இன்னும் தொடலியா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

அவன் இறகைக் கிண்ணத்தில் போட்டான்.

"நேத்து இராஜம்மா பாத்துட்டு, தடத்து மேலயே மூஞ்சி எழுதியிருக்குன்னா. நான் ஆரம்பிக்கலியான்னு கேட்டப்ப நீங்க எழுதிக்கிட்டுத்தானே இருந்தீங்க? நீங்க மனசு ஒடஞ்சி போவீங்களேன்னுதான் இப்பக் கூசுதுன்னு சொன்னேன்..." என்று நிறுத்தினாள். "கிள்ளான்ல ஒங்க தங்கச்சிக்கும் கைப்பிள்ள இருக்கு. பாக்கியத்தையும் சேத்துப் பாத்துக்குவா. கொண்டுபோயி விட்டுருங்க. போலீசு வந்து இழுக்குறதுக்கு முன்னால நானே போயிர்றேன்."

பக்கிரிசாமி வாய்விட்டு அழுதான். அவள் அழவிட்டாள்.

"எழுதுங்க. பாதியில விடக்கூடாதுன்னு நீங்கதானே எல்லாத்துக்கும் சொல்லுவீங்க."

எழுதினான். அவளுக்குத் தெரியாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினான். "இது மூஞ்சி. இது வயிறு." அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள்.

"நாய் மாதிரி இல்லியே?"

"இல்ல புள்ள. சிங்கந்தான்."

பாயில் பாக்கியம் பசித்து அழுதாள். நல்லம்மாள் எட்டித் தூக்கப்போனவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"நீங்க தூக்குங்க" என்றாள்.